ஒரே சட்டிக் குழம்பு

“உன் தாளிப்பு நெடியிலதான் முதலாளிக்கு இருமல்” என்று டாக்டர் பிறவிப்பெருமாள் சொன்னதிலிருந்து, சமையல்காரி செல்லக்கனிக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதம் மிளகாயே கிள்ளிப் போடாமல் சமைத்தாள். மில் முதலாளி அப்போதும் லொக்கு லொக்கென்று இருமினார்.

“நாளைக்கும் நான் இருமினா உனக்கு இங்க வேலை கிடையாது!”

“பிரஷர் மாத்திரை ஆரம்பிச்ச பிறகு வந்த இருமல், முதலாளி, இது.”

“மாத்திரையைத்தான் ரெண்டு தடவை மாத்திட்டேனே! கரண்டி பிடிக்கிறவ நீ, எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று, முதலாளியைப் பார்க்க வந்திருந்த டாக்டர் சீறினார்.

மறுநாள் முதலாளி வீட்டில்தான் டாக்டருக்குச் சாப்பாடு. குழம்பை வாயில் வைத்தவர், “ஒரே உப்பு!” என்று துப்பினார். செல்லக்கனி பித்தளைக் கிண்ணத்தில் வேறு கொண்டுவந்தாள். அதுவும் உப்பு. வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அதுவும் உப்பு.

“ஏய், ஒரே சட்டிக் குழம்பைத்தானே மாத்தி மாத்தி ஊத்துற?”

“நீங்க செஞ்சதும் அதுதானே! மூணு மாத்திரை அட்டையையும் பெரியாஸ்பத்திரி மருந்துக்காரம்மாகிட்ட காட்டினேன். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில்னு பேருதான் வேறயாம், மூணும் ஒரே ரகமாம். அந்த ரகமே சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்குமாம். கிண்ணத்தை மாத்தினது போதும், சட்டியை மாத்துங்க!”

டாக்டருக்குப் புரையேறியது.

“இப்ப சொல்லுங்க முதலாளி, யாருக்கு வேலை போகணும்?”

முதலாளி இருமிக்கொண்டே வாசலைக் காட்டினார். டாக்டர்தான் எழுந்தார்.