ஏலூத்தின் வெயில் எஞ்சின்

ஏலூத்து மலையில் மின்கம்பி அறுந்து இரண்டு நாளாகியிருந்தது. மழை ஒரு பாறையைப் பாதையில் உருட்டிவிட்டிருந்தது. காட்டுவழியாகச் சுற்றிக்கொண்டு ஜீப் வரும், மூன்று மணிக்குள் வந்துவிடும் என்று கீழே ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார்கள்.

அதுவரை மருதாயி மூச்சுவிட வேண்டும்.

அவள் இருபது வருடம் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவள். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. ஆக்சிஜன் மெஷினின் குழாய் மூக்கில் இருந்தால்தான் அவளால் உட்காரவே முடியும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். பேட்டரி விடியும்போதே தீர்ந்துவிட்டது.

மிச்சம் இருந்தது வெயில் எஞ்சின் ஒன்றுதான்.

அதைச் செய்தவர் மங்கையர்க்கரசி. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்து பத்து வருடமாக வெயிலில் எஞ்சின் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று வயது. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரே ஆள் மருதாயியின் கணவர் துரைக்கண்ணு. அவருக்கு அறுபத்தொன்று. அரிசி ஆலையில் பாய்லருக்குத் தீப்போட்டவர். தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரை அம்மா என்று கூப்பிட்டுப் பாடம் கேட்டார்.

ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய வட்டத் தட்டு. அது வெயிலைக் குவித்து எஞ்சினின் இரும்புத் தலைமேல் போடும். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரியும். எஞ்சினின் மறுமுனை தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும். காற்று அங்கே போய் ஆறிச் சுருங்கும். அந்த விரிதலிலும் சுருங்கலிலும் பிஸ்டன் ஓடி டைனமோ சுற்றும். ஒரு ஆக்சிஜன் மெஷினுக்குச் சரியாகப் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் யாராவது தட்டைச் சூரியன் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மங்கை அம்மா வீட்டுக்குள்ளே மருதாயியோடு இருந்தார். துரைக்கண்ணு வெளியே முற்றத்தில் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை மணிக்கு எஞ்சினின் சத்தம் மாறியது. தடதடவென்று இருந்தது தட், தட் என்று விட்டுவிட்டு வந்தது.

துரைக்கண்ணு அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தோளில் கிடந்த துண்டால் கண்ணாடிகளை அவசர அவசரமாகத் துடைத்தார். சத்தம் இன்னும் இறங்கியது. வீட்டுக்குள் ஓடிப் போய், சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து, அதன் வெளிச்சத்தையும் இரும்புத் தலைமேல் பிடித்தார். இரும்பு சிவந்தது.

"ஓடு," என்றார் எஞ்சினைப் பார்த்து. "ஓடுடா."

உள்ளே ஆக்சிஜன் மெஷின் கீச்சென்று கத்தி ஓய்ந்தது.

மங்கை அம்மா வெளியே வந்தார்.

"ஆக்சிஜன் அளவு எம்பத்தாறுக்கு இறங்கிடுச்சு. இங்க என்ன ஆச்சு?"

"வெயில் பத்தலம்மா. இன்னொரு கண்ணாடி இருந்தா குடுங்க. சீக்கிரம் குடுங்க."

மங்கை அம்மா தட்டைப் பார்க்கவில்லை. எஞ்சினைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். தொட்டியைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். குழாய் மூட்டில் கசிந்து கசிந்து தொட்டி பாதிக்குமேல் வற்றியிருந்தது. மீதித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது; உள்ளே காற்று ஆறிச் சுருங்க வழியில்லை.

"அந்தக் கண்ணாடியைக் கீழ வைங்க, ஐயா."

"இருக்கிற சூட்டையும் குறைக்கச் சொல்றீங்களா?"

"வைங்க."

அடிக்குழாயைத் திறந்து கொதிநீரை மண்ணில் ஓடவிட்டார். சைக்கிள் டியூப் துண்டால் மூட்டை இறுக்கிக் கட்டினார். பிறகு அடுக்களையிலிருந்து இரண்டு குடங்களையும் தூக்கி வந்தார்.

"அது குடிக்கிற தண்ணிம்மா. வேற இல்லையே."

இரண்டு குடமும் தொட்டிக்குள் போனது. குஸ்ஸென்று ஆவி எழுந்தது. மங்கை அம்மா எஞ்சினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். எஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி சுற்றினார். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. உள்ளே ஆக்சிஜன் மெஷின் உறுமத் தொடங்கியது.

"இது அரைமணிதான் தாங்கும்," என்றார் மங்கை அம்மா. "நான் ஊத்துக்குப் போறேன். நீங்க தட்டை விடாதீங்க."

ஊற்று இருநூறு அடி கீழே. செங்குத்தான ஏற்றம், மழையில் வழுக்கும் பாதை. மங்கை அம்மா இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக மூன்று தடவை ஏறி வந்தார். ஊற்றிவிட்டுத் திரும்பினார். மூன்றாவது தடவை வந்தபோது முழங்காலில் ரத்தம் இருந்தது.

துரைக்கண்ணு தட்டைத் திருப்புவதும் வாசலை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். உள்ளே போக முடியாது. போனால் வெயில் நகர்ந்துவிடும். போகாவிட்டால் அவள் மூச்சு எப்படி இருக்கிறதென்று தெரியாது.

தொட்டி நிரம்பியதும் மங்கை அம்மா தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"இப்ப உள்ள போங்க."

அவர் ஓடினார். மனைவியின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"மூச்சு வருதா? மருதாயி, வருதா? நெஞ்சு அடைக்குதா? சொல்லு."

அவள் கண்கள் அகன்றன. மூச்சு வேகமாக அடித்தது. ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் ஒவ்வொன்றாக இறங்கியது.

"ஐயா," வெளியேயிருந்து மங்கை அம்மா கூப்பிட்டார். "மூச்சைப் பத்திக் கேக்காதீங்க. வேற ஏதாச்சும் பேசுங்க."

என்ன பேசுவது? துரைக்கண்ணு கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"மழையில உன் பூசணிக்கொடி பாழாப் போயிருக்கும்னு நெனச்சேன். போகல. பக்கத்து வீட்டுக் கூரைமேல ஏறிடுச்சு. அங்க போய்க் காய்ச்சிருக்கு. இப்ப அது நம்ம காயா, அவங்க காயா?"

மருதாயி கண்ணை மூடினாள். சற்றுப் பொறுத்து, "நம்மது," என்றாள்.

அவர் பூசணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எண் எண்பத்தொன்பதுக்கு வந்தது. பிறகு தொண்ணூறு. மேற்கே மேகம் கட்டியதைக் கதவு வழியாகப் பார்த்தார். பார்த்ததைச் சொல்லவில்லை. இரண்டே முக்காலுக்கு வெயில் மங்கி எஞ்சின் மெதுவாக நின்றபோது, ஜீப் ஆக்சிஜன் சிலிண்டரோடு வாசலில் நின்றது.

பன்னிரண்டு நாள் கழித்து மருதாயி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள். வந்த கையோடு பூசணிக்காய் எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் காலை துரைக்கண்ணும் மங்கை அம்மாவும் தொட்டிக்குப் புதுக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே சும்மா நின்றார்.

"என்ன ஐயா?"

"அன்னைலேருந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்மா. எனக்கு அன்னைக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆற வைக்க வேண்டிய எடத்துல போய் இன்னும் சூடேத்துறேன். நீங்க முகம்கூடச் சுளிக்கல. பயமே இல்லாம இருக்க எப்படிப் பழகுனீங்க?"

மங்கை அம்மா மூட்டில் நூல் சுற்றி முடித்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். முழங்காலில் காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"பயமில்லாமலா? பயம் இல்லேன்னா அந்த ஏத்தத்துல ஆறு குடம் எப்படி ஐயா ஏறியிருக்கும்?"