அழுங்கின் முதுகில் வேய்ந்த ஓடு

எறும்பும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வீட்டுக்கு மேலே கிடந்த எதற்கும் பேர் கிடையாது. உச்சியில் படுத்திருந்த மரமும் 'அது'தான். அதிலிருந்து சரிந்து இறங்கிய மரங்களும் 'அது'தான். மழைத்தண்ணீர் சொட்டி விழுகிற கீழோரமும் 'அது'தான். எல்லாவற்றின் மேலும் தழையைப் போட்டு மூடினார்கள். மழை வந்தால் நனைந்தார்கள், விட்டால் காய்ந்தார்கள். வேறு வழி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மலையடிவாரத்தில் சென்னியப்பனும் அவன் மனைவி நாச்சாத்தாளும் குடியிருந்தார்கள். அவள் மண் மிதித்துச் சட்டிபானை செய்வாள், அவன் சூளை போட்டுச் சுடுவான். முந்தின மழைக்காலத்தில் அவர்களுடைய தலைப்பிள்ளை ஒழுகும் தழைக்குக் கீழே சளி கட்டி இறந்துபோயிற்று. இப்போது ஒரு பெண் பிறந்திருந்தாள். மலைமேல் மேகம் கூடத் தொடங்கியதும் நாச்சாத்தாளுக்குத் தூக்கம் போயிற்று.

"ஏனுங்க, பானைக்குள்ள ஊத்துன தண்ணி வெளிய போகாம நிக்குதே. அதே மண்ணு வெளித்தண்ணிய உள்ள வராம நிறுத்தாதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பெரிய பானையாக் கவுத்துப்போட்டு அதுக்குள்ள குடியிருக்கலாங்கறயா?" என்று சென்னியப்பன் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அவனுக்கும் அந்த யோசனை பிடித்துப்போனது. அவள் கையகலத்துக்கு மண்ணைத் தட்டித் தட்டிப் போட்டாள். அவன் சுட்டெடுத்தான். உலகத்தில் முதல் ஓடு அப்படித்தான் வந்தது.

அந்த வீட்டுச் சுவரோரம் ஒரு வளையில் எறும்புதின்னியான அழுங்கு ஒன்று இருந்தது. அப்போது அதன் முதுகில் ஒன்றும் கிடையாது, வெறும் மெல்லிய தோல்தான். "உரிச்ச கிழங்கு போகுது, வழி விடுங்க" என்று அணில்கள் கேலி செய்யும். அதற்குக் கூச்சப்பட்டே பகலில் வெளியே தலைகாட்டாது. சுவரைத் தோண்டுகிறது என்று சென்னியப்பன் அதை விரட்டப் போனபோது நாச்சாத்தாள்தான் தடுத்தாள்.

"நம்ம மரத்தைத் தின்னுற கறையானை அது தின்னுது. இருந்துட்டுப் போகட்டும். அதுக்கும் ஒரு எடம் வேணுமில்ல?"

தனக்காக ஒருவர் பரிந்து பேசி அழுங்கு கேட்டது அதுவே முதல் தடவை. வளைக்குள் சுருண்டு கிடந்து அந்த வார்த்தையையே நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தது.

ஓடு வேயும் நாள் வந்தது. அந்தக் காலத்து ஆட்கள் எதையும் தலையில்தான் தொடங்குவார்கள். எண்ணெய் வைத்தாலும் முதல் சொட்டு உச்சிக்குத்தான். உச்சிக்கு முதல் மரியாதை கொடுக்காமல் தொட்ட வேலை விளங்காது என்று நம்பினார்கள். சென்னியப்பனும் நேராக உச்சிக்கு ஏறி முதல் வரிசையை அடுக்கினான். அதன் கீழ்நுனிமேல் அடுத்த வரிசையின் மேல்நுனியை ஏற்றி வைத்தான். இப்படியே வரிசை வரிசையாகக் கீழோரம்வரை இறங்கி வந்தான். தள்ளி நின்று பார்த்தால் அவ்வளவு அழகு.

"மழை வரட்டும், பாத்துக்கலாம்" என்று மார்தட்டினான்.

வந்தது. மேலிருந்து ஓடிவந்த தண்ணீர் ஒவ்வொரு வரிசையிலும் ஏறி நின்ற நுனியில் முட்டி, அப்படியே உள்ளே திரும்பியது. தழையாக இருந்தபோது சொட்டிய வீடு, ஓடு போட்டபிறகு ஊற்றியது. நாச்சாத்தாள் தூளியிலிருந்து குழந்தையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினாள். கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர். காற்று வேறு நுனிகளைப் பிடித்துத் தூக்க, நடுவில் ஓடுகள் பிய்ந்து வானம் தெரிந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது.

"இதையும் எடுத்துக்காத சாமி!" என்று அவள் அலறியது வளைக்குள் கேட்டது.

அழுங்கு வெளியே வந்தது. பகலாயிற்றே என்றுகூட யோசிக்கவில்லை. சுவரில் நகத்தை ஊன்றி ஏறி, பிய்ந்த இடத்தின் மேல் கவிழ்ந்து படுத்தது. தலை உச்சிப் பக்கம், வால் கீழோரப் பக்கம். சரிந்து இறங்கிய மரத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. மழை அதன் முதுகில் விழுந்து வால் வழியே வெளியே ஓடியது. அதன் உடம்புக்குக் கீழே, ஒரு தாய் பிள்ளையோடு குந்தி உட்காரும் அளவுக்கு, ஈரம் படாத இடம் கிடைத்தது.

உச்சியிலிருந்து நழுவிய ஓடுகள் அதன்மேல் வந்து விழுந்தன. தோல் கிழிந்தது.

"எறங்கிருப்பா! தோலெல்லாம் பிஞ்சு தொங்குது!" என்று வெளியே நின்று கத்தினான் சென்னியப்பன்.

"புள்ள நனையுதா?" என்று கேட்டது அழுங்கு.

"இல்ல."

"அப்பச் சும்மா நில்லுங்க. பேசுனாப் புடி நழுவுது."

மழை விடும்வரை அது கையை எடுக்கவில்லை.

இறக்கிப் படுக்கவைத்தபோது முதுகு முழுக்க ரணம். "இந்த உடம்போட புத்துக்குப் போனா எறும்பு என்னையத் தின்னுபோடும்" என்று அது சிரிக்கப் பார்த்தது. நாச்சாத்தாள் மண்ணைப் பிசைந்தாள். ஆலிலையைவிடச் சின்னதாக ஓடுகள் தட்டினாள். சென்னியப்பன் அவற்றைச் சுட்டு, வேப்பம்பிசின் தொட்டு ஒட்ட உட்கார்ந்தான். பழக்கம் விடுமா? கை நேராகத் தலைக்குப் போனது.

"ஆ! அங்க வேண்டாங்க! தலைதான் ரொம்பக் காந்துது. வால்ல இருந்து வாங்க, அதுக்குள்ள கொஞ்சம் ஆறிரும்."

"வாலுக்கா முதல் மரியாதை?" என்று அவன் தயங்கினான்.

"மரியாதையக் கொண்டுபோய்ச் சூளையில போடுங்க. வலிக்குதுங்குதில்ல?" என்றாள் நாச்சாத்தாள்.

வாலில் தொடங்கி மேலே ஏறினான். இந்தத் தடவை மேல் வரிசையின் கீழ்நுனி, கீழ் வரிசையின்மேல் படிந்தது. கழுத்தை எட்டியபோது ஒரு தூறல் போட்டது. துளிகள் ஓட்டிலிருந்து ஓட்டுக்கு இறங்கி வால்நுனியில் சொட்டின. சென்னியப்பன் ஓட்டுக்கு அடியில் விரலைச் செருகிப் பார்த்தான். காய்ந்திருந்தது. அண்ணாந்து தன் வீட்டைப் பார்த்தான். மறுபடி அழுங்கைப் பார்த்தான்.

"நாச்சா, நான் தலைகீழா வேஞ்சுட்டேன் புள்ள."

வயிற்றுக்கும் ஓடு செய்ய அவள் மண்ணை எடுத்தாள். கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. வீட்டில் உடைந்துபோன ஓடுகளுக்கும் அந்த மண்தான் வேண்டும். அவள் கை நின்றதை அழுங்கு பார்த்தது.

"வயிறு கெடக்கட்டும் அம்மிணி. நான் சுருண்டுக்குவேன். அதுல வூட்டுக்குப் போடுங்க."

நாச்சாத்தாள் மண்ணைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தூக்கி அந்த வெறும் வயிற்றின்மேல் படுக்கவைத்தாள். அழுங்கு அசையாமல் கிடந்தது. அந்தச் சூட்டில் குழந்தை தூங்கிப்போனது.

சென்னியப்பன் ஓடுகளை எல்லாம் இறக்கிவிட்டுக் கீழோரத்திலிருந்து மறுபடி வேய்ந்தான். அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பார்த்துப் படிக்க அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். சொல்லிக்கொடுக்கப் பேர் வேண்டியிருந்தது. கீழோரத்தை இறவாரம் என்றான், உச்சியை மோடு என்றான். சரிந்து இறங்கிய மரத்துக்கு வந்தபோது மட்டும் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் காட்டினான்.

"எங்க புள்ளைக்காக ஒருத்தன் இதைக் கைவிடாமப் புடிச்சுட்டுக் கெடந்தான். இது கைமரம்" என்றான்.

கூரை வேய்கிறவர்கள் எவ்வளவு அவசரமானாலும் இறவாரத்தில் தொடங்கி மோட்டுக்கு ஏறுவது அன்று முதல்தான். அழுங்கு தன் குட்டியை ஓடில்லாத வயிற்றோடு சேர்த்துச் சுருண்டுகொண்டு, முதுகை வெளியே கொடுப்பதும் அன்று முதல்தான்.