ஜப்பானுக்குப் பள்ளம் வெட்டிய தொம்மை

தொம்மையண்ணனுக்கு எங்கள் கடையில் ஒரு நாற்காலி இருந்தது. அவருக்கென்று யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே அதைச் சொந்தமாக்கியிருந்தார்.

முப்பது வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடியில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, நானும் என் மனைவி சலேத்தும் வீடியோ கேம் கடை வைத்திருந்தோம். முன்னறையில் நான்கு பழைய டிவிகள். நானே தட்டித் தட்டி உயிர் கொடுத்தவை. ஒன்றாம் நம்பர் டிவிக்கு எதிரே, காற்றாடிக்கு நேர் கீழே தொம்மையண்ணனின் நாற்காலி.

அவர் தோணியில் சமையற்காரர். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகும் தோணி. ஆடிக் காற்றையொட்டி மூன்று மாதம் தோணி ஓடாது. அந்த மூன்று மாதமும் பகலில் வீட்டில் இருந்தால் மருமகள் முறத்தில் வெங்காயத்தைக் கொட்டி உரிக்கக் கொடுத்துவிடுவாள். கடலில் உரிப்பது தொழில், கரையில் உரிப்பது அவமானம் என்பது அண்ணனின் கட்சி. அதனால் காலையில் கடை திறந்ததும் வந்துவிடுவார். பத்து நிமிடம் ஆடுவார், ஐம்பது நிமிடம் பேசுவார். ஒன்றாம் நம்பருக்குக் காத்திருப்பவர்கள் சலேத்தின் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் வேலை, நான்கு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வேலை செய்தவர் லைன்மேன் பிச்சைக்கனி. அரைமணி நேரத்திலேயே முடித்துவிட்டு எங்கள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டிரான்ஸ்ஃபார்மரின் ஃபியூஸ் கட்டைகள் அவர் தோள்பையிலேயே இருந்தன.

"வேலைதான் முடிஞ்சிட்டே, போட வேண்டியதுதானே அண்ணாச்சி?" என்றாள் சலேத்.

"நாலு மணின்னு சொல்லிட்டு ரெண்டரைக்குக் குடுத்தா, அடுத்த தடவை ஒன்றரைக்கே கேப்பாங்க" என்றார் பிச்சைக்கனி.

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவர், அந்தத் தொப்பிக்காரன் குதித்துக் குதித்து ஓடும் விளையாட்டை ஏன் கீழே வைக்கவே மனம் வருவதில்லை என்று பொதுவாகக் கேட்டார். தொம்மையண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எப்படி மனசு வரும்? அத அமைச்சுக் குடுத்தது யாருங்கீரு?" என்றார்.

சலேத் எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு முடிவு பண்ணுவோம். இந்த கேம்ல இருக்க மாதிரி உங்களுக்கு மூணு லைஃப். கரண்ட் வாற வரைக்கும் கதையச் சொல்லுங்க. புளுகு எவ்வளவு பெருசா வேணும்னாலும் இருக்கட்டும், கேள்வி கெடையாது. ஆனா முன்னால சொன்னதும் பின்னால சொல்லுததும் இடிச்சிதுன்னா ஒரு லைஃப் போச்சு. மூணும் போனா, தோணி ஓடுற வரைக்கும் நீங்க கடைக்கு வரப்பிடாது. தாக்குப்பிடிச்சிட்டா சீசன் முடிய நாற்காலி உங்களுக்குத்தான்."

தொம்மையண்ணன் ஒரு கணம் வெங்காய முறத்தை நினைத்திருக்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி தங்கச்சி. ஏழு பேரு தோணியில கெளம்புனோம். மாலத்தீவு கண்ணுக்குத் தெரியுற நேரம் ஒரு காத்து. என்னா காத்து! நான் அரிவாமனையில கணவாய் மீன நறுக்கிட்டு இருக்கேன். நறுக்கி முடிக்கல, தோணி ஜப்பான்ல நிக்கி."

"அவ்வளவு சீக்கிரமாவா?" என்றார் பிச்சைக்கனி.

"பெரிய கணவாய் வே. அங்கனயே அடுப்பப் பத்தவச்சு, பதினோரு பேருக்கும் குழம்பு வச்சேன்..."

"ஏழு பேருல்லா கெளம்பினீங்க" என்றாள் சலேத். விரல் ஒன்றை மடக்கினாள்.

அண்ணன் வாதாடவில்லை. நாற்காலியின் கைப்பிடியைக் கொஞ்சம் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வாசத்தப் புடிச்சிக்கிட்டு ஒரு ஆளு வந்தான். கேம் கம்பெனி மொதலாளி. சாப்பிட்டான். சாப்பிட்டுட்டு அழுதான். 'அண்ணாச்சி, முந்நூறு இஞ்சினீயர் வச்சிருக்கேன். ஒருத்தனும் என் கேம ஆடமாட்டேங்கான்'னான்."

"எந்தப் பாஷையில அழுதான்?" என்றார் பிச்சைக்கனி.

"தமிழ்லதான். நம்ம கணவாய்க் குழம்பு ரெண்டு தட்டு உள்ள போனா எவனுக்கும் வந்துரும்."

பிச்சைக்கனி சலேத்தைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். புளுகுதான், ஆனால் எதனோடும் இடிக்கவில்லை.

"கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனான். பெரிய கட்டடம், ஒரு சன்னல் கெடையாது. இஞ்சினீயர் வெளிய பராக்குப் பாத்துரக் கூடாதுல்லா? கேமப் போட்டுக் காட்டுனான். தொப்பிக்காரன் நடக்கான். நடக்கான். நடந்துக்கிட்டே இருக்கான். ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு. நான் சொன்னேன், 'ஏலே, பள்ளம் வெட்டுலே. எங்க ஊர்ல மழை பெஞ்ச மறுநாள் மார்க்கெட் ரோட்ல வந்து பாரு. தாண்டித் தாண்டிப் போறவன் முகத்துல என்னா சந்தோசம். நல்ல ரோட்ல போறவன் எவனாவது சிரிச்சிருக்கானா?'"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பள்ளம் எத்தன அடின்னு அவனுக்குத் தெரியல. சின்னதா வெட்டுனா கெழவியும் தாண்டிருவா, சலிச்சிரும். பெருசா வெட்டுனா போங்கடான்னு எந்திரிச்சிருவான். 'நான் குதிக்கேன், நீ அளந்துக்கோ'ன்னேன். நாலாயிரம் குதி. விழுந்தவன் 'ச்சே, ஒரு விரக்கடை பத்தலியே'ன்னு சொல்லணும். அந்த அளவு கெடைக்கிற வரைக்கும் குதிச்சேன். கடைசிக் குதியில ஜப்பானே ஒரு சாண் தள்ளிப் போச்சு. பழைய மேப்பையும் புது மேப்பையும் வச்சிப் பாரும், தெரியும்."

"சரி, விழுந்தா?" என்றார் பிச்சைக்கனி.

"அதுல ஒரு கூத்து. தொப்பிக்காரன் விழுந்தா அவனுவ சாவு எடுக்கானுவ வே. பெட்டி வருது, பேண்டு வாத்தியம் வருது, சொந்தக்காரனெல்லாம் வாரான். ஆடுதவன் முக்கா மணி நேரம் துட்டிக்கு உக்காரணும். 'ஏலே, இதெல்லாம் வேண்டாம். விழுந்தவன் மண்ணத் தட்டிட்டு ஒடனே ஓடணும், அழ நேரம் குடுக்காத'ன்னேன். அப்புறம் சத்தம். ஒரு காசு எடுத்தா டிங்குங்குதுல்லா? அது எங்க தோணி அகப்பை. சட்டி விளிம்புல நான் தட்டுனதுதான். இன்னைக்கு ஒலகத்துல எந்த கேம்ல டிங்குன்னாலும் எங்க தோணிக்காரனுவ சோறு ரெடின்னு திரும்பிப் பாப்பானுவ."

சுவரில் செல் போட்ட கடிகாரம் மூன்றரை காட்டியது. யாரும் எழுந்து போகவில்லை. வாசலில் இரண்டு பேர் கூடியிருந்தார்கள்.

"ஒரு துண்டு கருவாட்ட அந்தக் கட்டடத்துச் சுவத்துக்குள்ள வச்சிப் பூசிட்டேன். வாசம் வருது, எடம் தெரியல. முந்நூறு இஞ்சினீயரும் சுவர் சுவரா தட்டிப் பாக்கான். ஒடைக்கான். சோறு தண்ணி இல்ல, அம்புட்டு சந்தோசம். மொதலாளி கேட்டான், 'என்னண்ணாச்சி இது?' 'இதுதாம்லே. ஒளிச்சி வையி. இருக்குன்னு மட்டும் தெரியட்டும், எங்கன்னு தெரியக் கூடாது.' சொல்லிட்டு சன்னல் வழியா கடலப் பாத்தேன்..."

"சன்னல் கெடையாதுன்னீரு" என்றார் பிச்சைக்கனி.

"அதான் ஒடைச்சிட்டானுவளே..."

"ஒடச்சா அது ஓட்டை. சன்னல் இல்ல" என்றாள் சலேத். இரண்டாவது விரல் மடங்கியது.

தொம்மையண்ணன் தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். இனி ஒரே ஒரு லைஃப்.

"கடைசியில ஒரு அரக்கன் வேணும்னான். எங்க தண்டலச் சொன்னேன். தோணிக்குத் தலைவரு. கோவம் வந்தா பாய்மரத்துக்கு மேல வளந்துருவாரு. ஆனா நியாயமான ஆளு. அடிக்கதுக்கு முன்னால எடது காதச் சொறிவாரு. அதப் பாத்தவன் தப்பிச்சிருவான், பாக்காதவன் வாங்கிக் கட்டுவான். 'அரக்கன் எம்புட்டுப் பெருசா வேணா இருக்கட்டும், காதச் சொறியாம அடிக்கப்பிடாது. அடி வாங்குனவன் என் தப்புன்னு சொல்லணும், உன் தப்புன்னு சொல்லக் கூடாது.' அம்புட்டுதான். கேம் ரெடி. மறுநாள் ஜப்பானே நின்னு போச்சு."

"நின்னு போச்சுன்னா?"

"ரயில் ஓட்டுதவன் கேம் ஆடுதான். டாக்டரு ஆடுதான், வயித்தத் தொறந்துபோட்ட நோயாளியும் ஆடுதான். சூரியன் சாயந்தரம் எட்டிப் பாத்துச்சு. இந்த ஸ்டேஜ் முடியட்டும்னு மூணு நாளு அஸ்தமிக்கவே இல்ல. நாடு பட்டினி. மொதலாளி என் கால்ல விழுந்தான். 'நிறுத்தும் அண்ணாச்சி'ன்னான். ஒரே வழிதான். ஜப்பான் மெயின் ஸ்விட்சப் புடுங்கணும்."

பிச்சைக்கனி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். "எங்க இருந்துது?"

"மலை உச்சியில. ஃபியூஸ் கட்டை ஒவ்வொண்ணும் தென்னமரம் ஒசரம்."

"எதால புடுங்குனீரு?"

"துடுப்பால."

"ஈரத் துடுப்பா, காஞ்ச துடுப்பா?"

தோணி கடலில் வந்தது. துடுப்பு நனைந்திருக்க வேண்டும்; நனைந்த துடுப்பென்றால் கரண்ட் அடித்திருக்கும். சலேத் மூன்றாவது விரலைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"சூரியன்தான் மூணு நாளா அஸ்தமிக்கலையே" என்றார் தொம்மையண்ணன். "நல்லாக் காஞ்சிருந்துது."

பிச்சைக்கனி தொடையில் தட்டினார். கடிகாரம் நான்கு பத்து காட்டியது.

"புடுங்குனேன். ஜப்பானே இருண்டு போச்சு. எல்லாரும் வீட்டப் பாக்கப் போனான். அம்புட்டுதான் கதை."

"அதெப்படி? திரும்ப எப்பிடிப் போட்டீரு?" என்றார் பிச்சைக்கனி.

அண்ணன் வாயைத் திறந்தார். பிடுங்குவது வரைதான் அவர் யோசித்து வைத்திருந்தார். வெளியே ஐஸ் ஃபாக்டரி மேனேஜர் தெருவில் நின்று, "ஏ பிச்சைக்கனி, எங்கவே இருக்கீரு? ஐஸெல்லாம் தண்ணியாவுது" என்று கத்தினார்.

"கூப்பிடுதாங்க வே. போய் கரண்டப் போடும்" என்றார் தொம்மையண்ணன்.

"மொதல்ல நீரு ஜப்பானுக்குப் போடும். அப்புறம் நான் தூத்துக்குடிக்குப் போடுதேன்."

நான்கேகால். நான்கரை. ஐஸ் மேனேஜர் கடை வாசலுக்கே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் உள்ளே வந்து, "தென்னமரக் கட்டைய எப்படித் தூக்கி மாட்டுனாரு?" என்று நின்றுகொண்டார்.

அண்ணனின் நெற்றியில் வியர்வை வழிந்தது. காற்றாடியை அண்ணாந்து பார்த்தார். அது அசையவில்லை. கடைசியில் இரண்டு கையையும் விரித்துவிட்டார்.

"நான் ஜப்பானுக்குப் போனதே இல்ல வே. மாலத்தீவத் தாண்டுனதில்ல. போதுமா?"

பிச்சைக்கனியின் முகம், நல்ல சாப்பாட்டின் நடுவில் இலையை எடுத்துவிட்டதைப் போல ஆனது.

"தோணி ஜப்பான்ல நிக்கின்னு சொன்னீங்க, இப்பம் போனதே இல்லங்கீங்க. இடிக்கி அண்ணே" என்றாள் சலேத். மூன்றாவது விரலை மடக்கினாள்.

சலேத் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. ஆயுசு முழுக்கப் புளுகிய மனிதரிடம், சொன்ன ஒரே உண்மைக்காக ஒரு லைஃபைப் பறித்தவள் அவள் ஒருத்திதான்.

தொம்மையண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பிச்சைக்கனியும் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் ஒரு செருப்பை மாட்டிய அண்ணன், அடுத்ததை மாட்டாமல் நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு. நான் ஜப்பானுக்குப் போனதில்லன்னுதான் சொன்னேன். ஜப்பான் மாலத்தீவுக்கு வரலைன்னு சொன்னேனா?"

பிச்சைக்கனி பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். ஐஸ் மேனேஜரும் உட்கார்ந்துவிட்டார்.

சலேத் இருவரையும் பார்த்தாள். பிறகு அந்தப் பையை எடுத்துப் பிச்சைக்கனியின் கையில் திணித்தாள்.

"நீங்க போய் கரண்டப் போட்டுட்டு வாங்க அண்ணாச்சி" என்றாள். "இவரு எங்கயும் போக மாட்டாரு."