பெருச்சாளி வாங்கிய புல்வெளி

ஒரு பெரிய நகரத்தின் காய்கறிச் சந்தைக்குப் பின்னால், உடைந்த சாக்கடைச் சுவருக்குள் வடமலை என்ற பெருச்சாளியும் அவன் மனைவி அஞ்சலையும் குடியிருந்தார்கள். சாக்கடைச் சுவர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். உள்ளே ஏழு அறைகள் இருந்தன. ஏழிலும் நெல்லும் வேர்க்கடலையும் கூரைவரை நிறைந்திருந்தன. சந்தையில் சிந்துவதைப் பொறுக்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருவரும் சேர்த்தது அது.

வடமலைக்கு வெகுநாளாக ஓர் ஆசை. ஊருக்கு வெளியே, ஆனால் ரொம்பத் தள்ளிப் போகாமல், கொஞ்சம் புல்வெளியும் கொஞ்சம் மரநிழலுமாகச் சொந்தத்தில் ஓர் இடம் வாங்க வேண்டும். காலையில் எழுந்ததும் பச்சைப் புல்லில் மூக்கை நுழைத்து நடக்க வேண்டும். பசித்தால் சந்தைக்கும் வந்து போக வேண்டும்.

அந்தச் சித்திரையில் ஆசையோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. சாக்கடையை இடித்துவிட்டுச் சிமென்ட் பூசப் போகிறார்கள் என்று எலிகள் பேசிக்கொண்டன.

"மழைக்கு முன்னாடி ஒரு இடம் பாத்தாகணுங்க. நாளைக்குக் குட்டிங்க பொறந்தா எங்க வெச்சுக் காப்பாத்தறது?" என்றாள் அஞ்சலை.

"கவலைய விடு! ஏகாம்பரத்தைப் பாத்துப் பேசிட்டு வரேன்!" என்றான் வடமலை.

ஏகாம்பரம் ஓர் ஓணான். சந்தை மதில்மேல் உட்கார்ந்து நிலத் தரகு செய்துவந்தார். ஓணானுக்குத் தலையாட்டுவது பிறவிக் குணம். ஏகாம்பரம் அதையே பிழைப்பாக்கிக்கொண்டார். எதிரே நிற்பவன் என்ன கேட்டாலும் மேலும் கீழுமாக ஆட்டுவார். வாயைத் திறந்து பொய் சொன்னதாக அவர்மேல் ஒரு புகார் கிடையாது.

"இடம் பாக்க வாங்க. கூட்டிட்டுப் போறதுக்குக் காசு பணம் வேணாம். மத்தியானச் சாப்பாடும் நம்ம செலவு" என்றார் ஏகாம்பரம்.

"சந்தையிலிருந்து பத்து நிமிஷந்தானே?" என்று கேட்டான் வடமலை.

ஏகாம்பரம் தலையை ஆட்டினார்.

விடியற்காலையில் கிளம்பியவர்கள் உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். சாப்பாடு என்றது வழியில் உதிர்ந்து கிடந்த கொடுக்காப்புளியைத்தான். அஞ்சலைக்குக் கால் கெஞ்சியது. ஆனால் இடத்தைப் பார்த்ததும் வடமலைக்குக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

வழிநெடுக எல்லாம் காய்ந்து கிடந்தன. இங்கே மட்டும் கண்ணுக்கு எட்டியவரை கோரைப்புல் பச்சைப் பசேல் என்று நின்றது. நடுவில் பத்துப் பதினைந்து கருவேல மரங்கள் தோப்பாக நின்று நிழல் தந்தன. தோப்பைச் சுற்றி நாலு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார் தரகர். தொலைவில் மூன்று பக்கமும் உயரமான மண்மேடு வளைந்து ஓடியது. மேற்கே மட்டும் திறந்திருந்தது.

"சித்திரையிலயே இவ்வளவு பச்சைன்னா மண்ணு நல்ல மண்ணுதானே?"

தலை ஆடியது.

"அந்த மேடு சுத்துச்சுவர் மாதிரி. நமக்குப் பாதுகாப்புதானே?"

தலை ஆடியது.

"தண்ணிக்குப் பஞ்சமே வராதுல்ல?"

இந்தக் கேள்விக்கு ஏகாம்பரம் கழுத்தே கழன்று விழும்படி ஆட்டினார்.

அஞ்சலை அந்த நேரத்தில் சும்மா நிற்கவில்லை. புல்லுக்குள் நடந்து பார்த்தாள். காலடியில் நத்தைக் கூடுகள் நொறுங்கின. மரங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு மரத்திலும் அடிமரத்தின் பாதி உயரத்தில் ஒரே மட்டமாக ஒரு பழுப்புக் கோடு ஓடியது. மரத்தடியில் ஒரு வளை. வளைக்குள்ளிருந்து ஒரு நண்டு கண்ணை நீட்டிப் பார்த்தது.

"என்னாங்க, இங்க ஒரு நண்டு இருக்குது!" என்று கூப்பிட்டாள்.

"இருக்கட்டுமே! அக்கம்பக்கம் ஆளு வேணும்ல?" என்று வடமலை ஓடிவந்தான். "தம்பி! இந்த இடத்துல நிம்மதியாத்தானே இருக்கே?"

"ரொம்ப நிம்மதிண்ணே! இதுமாதிரி இடம் கெடைக்காது!" என்றது நண்டு. அதுவும் உண்மையைத்தான் சொன்னது.

"கேட்டியா அஞ்சல?"

"அதில்லீங்க. இந்த மரத்துல ஏதோ கோடு..."

"அளந்து குறி போட்டிருப்பாங்க. அளந்த இடம்தானே, தரகரே?"

தலை ஆடியது. அஞ்சலைக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் அவர்கள் கிளம்பும்போதே சந்தையில் இடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. வேறு இடம் தேட நாளில்லை. அவளும் சரி என்றுவிட்டாள்.

தோப்பு அணில்களுக்குச் சொந்தம். "மேல எங்களுக்கு, கீழ உங்களுக்கு!" என்று கிளையிலிருந்தபடியே அணில்கள் ஒத்துக்கொண்டன. விலை, ஏழு அறைச் சேமிப்பு முழுவதும். வைகாசி மாதம் பூராவும் அணில்கள் சந்தைக்கும் தோப்புக்கும் ஓடி, நெல்லையும் கடலையையும் மரப்பொந்துகளில் அடைத்துக்கொண்டன. சேமிப்பில் விழுந்திருந்த வண்டும் புழுவும் ஏகாம்பரத்துக்குத் தரகு. அவர் ஒரு வாரம் அசையாமல் உட்கார்ந்து தின்றார்.

கடைசி மணி கடலை போன அன்றைக்கு, பழைய வீட்டின்மேல் சிமென்ட் விழுந்தது.

நாலு மாதம் வடமலை ராஜாவாக இருந்தான். மரத்தடி மண்ணைத் தோண்டி மூன்று வாசல் வைத்த வளை கட்டினான். மண் வெண்ணெய்போல் வெட்டுப்பட்டது. காலையில் புல்லில் நடந்தான். சந்தையில் எந்தச் சொந்தக்காரனைப் பார்த்தாலும், "எப்ப நம்ம தோப்புக்கு வரே?" என்று கேட்டான். சந்தைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்க ஆனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசிக் கடைசியில் அஞ்சலைக்கு ஆறு குட்டிகள் பிறந்தன. கண் திறக்காத, ரோமம் முளைக்காத குட்டிகள். வடமலை அவற்றை எண்ணி எண்ணிப் பூரித்தான்.

ஐப்பசி பிறந்து பத்து நாளிருக்கும். ஒரு காலையில் அஞ்சலை விழித்தபோது வளையின் தரை ஈரமாக இருந்தது. முதல்நாள் பெய்தது சின்னத் தூறல்தான். அவள் குட்டிகளை மேல் அறைக்கு மாற்றிவிட்டு வெளியே வந்தாள். நண்டு தன் வளை வாசலில் நின்று, இரண்டு கொடுக்கையும் தூக்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி! நம்ம காலம் வந்துடுச்சு!" என்றது உற்சாகமாக.

அஞ்சலை அதன் அருகே போனாள். "தம்பி, இங்க என்னா வரும்?" என்று கேட்டாள்.

"தண்ணிதான்! ஏரின்னா தண்ணி வராம இருக்குமா?"

"ஏரியா?"

"அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா? நீங்க குடியிருக்கறது ஏரிக்கு நட்டநடுவுல. சுத்தி இருக்கறது ஏரிக்கரை."

அஞ்சலை அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டாள்.

நண்டு கொடுக்கை நீட்டிக் கருவேல மரத்தின் பாதி உயரத்தில் இருந்த பழுப்புக் கோட்டைக் காட்டியது. "ஒவ்வொரு வருசமும் அதுவரைக்கும் நிக்கும்."

"எத்தனை நாள்ல?"

"மேக்கால மழை பிடிச்சிருச்சு. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள கால் நனையும். ராத்திரிக்குள்ள வளை முழுகும்."

வடமலை இதைக் கேட்டதும் நம்பவில்லை. நம்ப முடியவில்லை என்பதுதான் சரி. ஏழு அறைச் சேமிப்பையும் கொட்டிக் கொடுத்த ஒருவன் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவானா? "இரு, தரகரைக் கேட்டுட்டு வரேன்!" என்று ஓடினான். ஏகாம்பரம் அப்போது தோப்பின் ஓரத்து மரத்தில், வேறு யாருக்கோ இடம் காட்ட வந்து உட்கார்ந்திருந்தார்.

வடமலை போன வேகத்தில் திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பு.

"நான்தான் சொன்னேன்ல! வர தண்ணி தானா வடிஞ்சு போயிடுமாம்!"

"எப்ப வடியுமாம்?" என்றாள் அஞ்சலை.

வடமலையின் சிரிப்பு மறைந்தது. "அதக் கேக்கலையே..."

"நீங்க எப்பவுமே கேக்கறதில்லைங்க. 'வடிஞ்சிடும்ல'ன்னு நீங்களே சொல்லிடறீங்க. அந்த ஆளு தலைய ஆட்டறாரு. வாங்க என்கூட!"

இருவரும் அந்த ஓரத்து மரத்தடிக்குப் போனார்கள். ஏகாம்பரம் இவர்களைப் பார்த்ததும் வழக்கம்போல ஆட்ட ஆரம்பித்தார்.

"தரகரே, இந்தத் தண்ணி எந்த மாசம் வடியும்?" என்று அஞ்சலை கேட்டாள்.

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. இந்தக் கேள்விக்கு மேலும் கீழும் ஆட்டிப் பயனில்லை. ஏகாம்பரம் ஒரு கண்ணால் வானத்தையும் ஒரு கண்ணால் வடமலையையும் பார்த்தார்.

"பங்குனி" என்றார் மெதுவாக. "நல்ல மழையா இருந்தா சித்திரையும் ஆகும்."

"அடப்பாவி! ஏரின்னு ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினான் வடமலை.

"நீங்க கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினேன். தண்ணிப் பஞ்சம் வராதான்னு கேட்டீங்க, வரல. இது என்ன இடம்னு நீங்க ஒருவாட்டியாவது கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு, அவர் கிளை மாறிப் போய்விட்டார். நல்ல மனுஷர் செய்கிற காரியம் இல்லைதான். ஆனால் அவரோடு மல்லுக்கு நிற்க அன்றைக்கு நேரமில்லை.

"சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். குட்டிங்களத் தூக்குங்க!" என்றாள் அஞ்சலை.

கிழக்குக் கரை வெகுதூரம். ஒரு வாயில் ஒரு குட்டிதான் கவ்வ முடியும். முதல் நடையில் இரண்டு குட்டிகள் கரை சேர்ந்தன. இரண்டாம் நடையில் கோரைப்புல்லின் அடி நனைந்திருந்தது. மூன்றாம் நடையில் வடமலைக்குத் தண்ணீர் வயிற்றைத் தொட்டது. அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கவ்விய குட்டியின்மேல் ஒரு சொட்டுக்கூடப் படாமல் நடந்தான். மேலே கிளையில் அணில்கள் கடலை உடைக்கும் சத்தம் கேட்டது. அவன் அண்ணாந்து பார்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஆறு குட்டிகளும் கரைமேல் ஒரு பனைமரத்தடியில் இருந்தன. அஞ்சலை குனிந்து ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். எல்லாம் சூடாக, உயிரோடு இருந்தன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கீழே புல்வெளியும் தோப்பும் வடமலையின் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக ஏரியாகிக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ நாலு நீர்க்கோழிகள் வந்து இறங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"எல்லாத்தையும் தொலைச்சிட்டேன் அஞ்சல" என்றான் அவன்.

"குட்டிங்க இருக்குது. வளையத் தோண்டுங்க."

பனையடியில் கட்டெறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. பல வருடமாக அங்கே குடியிருப்பவை. வடமலை அவற்றின் அருகில் போனான். "இந்த இடம் நல்ல..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தினான்.

"ஐயா, இந்த இடத்துல என்னென்ன குறை இருக்கு?" என்று கேட்டான்.

எறும்புகள் நின்றன. இப்படி ஒரு கேள்வியை அவை அதுவரை கேட்டதில்லைபோலும். முன்னால் போன கிழட்டு எறும்பு சொல்ல ஆரம்பித்தது.

"காத்து பிச்சிக்கிட்டுப் போகும். காலைல மாடு ஓட்டிட்டு வருவாங்க, வளை வாசல் இடியும். மண்ணு கெட்டி, தோண்டறதுக்குள்ள நகம் தேஞ்சிடும். ஆவணி ஆனா பனம்பழம் மண்டையில விழும். அந்தப் பக்கச் சரிவுல ஒரு கீரி இருக்குது, அங்க மட்டும் போயிடாதே."

"தண்ணி எதுவரைக்கும் ஏறும்?"

"எங்க தாத்தா காலத்துலேருந்து இந்தப் பனையத் தொட்டதில்ல."

இவ்வளவு குறை சொன்ன ஓர் இடத்தின்மேல் வடமலைக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக நம்பிக்கை பிறந்தது. கீரி இருக்கும் சரிவுக்கு எதிர்ப்பக்கமாக, மாடு நடக்கும் தடத்தைவிட்டு விலகி, பனையின் வேரடியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தான். மண் கெட்டியாகத்தான் இருந்தது. நகம் தேயத் தோண்டினான்.

தனக்குப் பிடித்த பதில் வரும்படியே கேள்வி கேட்பவனுக்குப் பிடித்த பதில் கிடைத்துவிடும், உண்மை மட்டும் கிடைக்காது.