நனைந்த சிறகும் வெள்ளைப் பாறையும்

காட்டோரத்து ஏரி ஒன்றில் மையன் என்றொரு நீர்க்காகம் வாழ்ந்தான். உடம்பெல்லாம் அடுப்புக்கரி நிறம். அந்த ஏரியிலேயே பெரிய பணக்காரன் அவன்தான்!

பறவைக்கு ஏது பணம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஏரியின் நடுவே ஒரு வெள்ளைப் பாறை இருந்தது. அதன் மேல் தண்ணீர் தேங்கி நிற்கும் குழிகள் இருந்தன. பிடித்த மீனை உயிரோடு அவற்றில் விட்டுவைக்கலாம். யார் குழியில் மீன் அதிகமோ அவர்தான் பணக்காரர். மையனின் குழியில் கெண்டையும் கெளுத்தியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நீந்தின.

பாறையில் கொக்குகளின் சபை கூடும். பாறை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அத்தனை கொக்குகள் பரம்பரை பரம்பரையாக உட்கார்ந்தால் எந்தப் பாறையும் வெள்ளையாகத்தான் ஆகும்!

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது கொக்குகளின் முதல் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அதைப் படித்துப் படித்து ஒரு கொக்குகூட ஆழத்துப் பக்கம் போனதில்லை. மழை கொட்டித் தீர்த்த ஒரு வருடம், கரையோரமெல்லாம் ஆழமாகிவிட்டது. கால் ஊன்ற இடமில்லாமல் சபையே பட்டினி கிடந்தது. அப்போதுதான் சபைத் தலைவர் நெடுங்காலர், நீர்க்காகங்கள் வாழும் நாணல் தீவுக்குச் சொல்லி அனுப்பினார். மையன் வந்தான். முங்கினான். மீனோடு எழுந்தான். சபை பசியாறியது. அவனுக்கும் பாறையில் ஒரு குழி கொடுத்தார்கள். அவன் உழைப்பில் அது நிறைந்தது. அந்தப் பாறையில் குழி வைத்திருந்த ஒரே நீர்க்காகம் அவன்தான்.

இதுவரை நல்ல கதை. இனிமேல்தான் குழப்பம்.

ஒரு நாள் பக்கத்து ஏரியிலிருந்து பால்சிறகர் என்ற கொக்கு விருந்துக்கு வந்தார். மையன் தன் குழியருகே நின்றுகொண்டிருந்தான்.

"ஏம்பா! இந்தக் குழிக்குக் காவலா நீ? போய் முதலாளியைக் கூப்பிடு!" என்றார் பால்சிறகர்.

"குழி என்னுதுதாங்க ஐயா!"

பால்சிறகர் மீனைப் பார்த்தார். மையனைப் பார்த்தார். மறுபடியும் மீனைப் பார்த்தார்.

"அடடே! அப்படியா! ரொம்ப சந்தோஷம்! உனக்கு... உங்களுக்குச் சொந்த ஏரி எது?"

"இதே ஏரிதாங்க."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

"முட்டைக்குள்ள இருந்தேன் ஐயா!"

"ஆகா! என்ன அழகா பேசறீங்க!" என்று வியந்துகொண்டே அவர் விருந்துக்குப் போய்விட்டார்.

மையனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காவல்காரன் என்றது அவமானம். அழகாகப் பேசுகிறாய் என்றது பாராட்டு. பாராட்டு என்றால் இனிக்க வேண்டுமே! அது ஏன் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது?

நெடுங்காலர் ஒரு நாள் அவன் முதுகில் அலகால் செல்லமாகத் தட்டினார். "மையா, உன்னை எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? நீ மத்த நீர்க்காகம் மாதிரியே இல்லப்பா!"

"நன்றி ஐயா!" என்று சொல்லிவிட்டான் மையன். பிறகுதான் யோசித்தான். மற்ற நீர்க்காகம் என்றால் யார்? என் அக்கா. அவளுடைய குஞ்சுகள். செத்துப்போன என் அப்பா. அவர்களைப் போல நான் இல்லை என்பதற்கா நன்றி சொன்னேன்? அன்று முழுக்க அவனுக்கு மீன் ருசிக்கவில்லை.

சபையில் இன்னும் மோசம். "மேற்குக் கரையில தண்ணி வத்துது. மீனெல்லாம் நடு மடுவுக்குப் போயிடும். இப்பவே குழிகளை நிரப்பிக்கணும்" என்று மையன் ஒரு தடவை எழுந்து சொன்னான். யாரும் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. சற்று நேரம் கழித்து நெடுங்காலரின் தம்பி மகன் சிறுகாலன் எழுந்தான். இந்தச் சிறுகாலன் அயிரையைவிடப் பெரிய மீனை அலகால் தொட்டதே கிடையாது. "மீனெல்லாம் மடுவுக்குப் போயிடும்னு எனக்குத் தோணுது" என்றான். "ஆகா! என்ன அறிவு!" என்று சபை முழுக்கச் சிறகடித்தது!

"அதைத்தானே நானும் சொன்னேன்!" என்றான் மையன் கொஞ்சம் உரக்க.

"ஏம்பா இப்படிக் கத்துறே? பயமா இருக்கு!" என்றார்கள்.

அடுத்த சபையில் அவன் வாயே திறக்கவில்லை. "பேசவே மாட்டேங்கிறான். மனசுக்குள்ள என்னமோ வெச்சிருக்கான்" என்றார்கள். பேசுவதா, பேசாமலிருப்பதா? எவ்வளவு பேசினால் சரி? அதையும் யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீர்க்காகத்தின் சிறகில் தண்ணீர் ஊறும். அதனால்தான் அது கல் மாதிரி ஆழத்துக்கு இறங்குகிறது. ஆனால் முங்கி எழுந்ததும் இரண்டு சிறகையும் அகல விரித்து வெயிலில் நிற்க வேண்டும். காயாத சிறகோடு திரும்பத் திரும்ப முங்கினால் உடம்பு பாரமாகிவிடும். அப்புறம் மேலே வருவது அதன் கையில் இல்லை. நீர்க்காகக் குஞ்சுக்கு முதலில் சொல்லித் தருவதே இதைத்தான்.

மையனும் பாறையில் சிறகை விரித்துத்தான் நின்றான். நெடுங்காலர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். சபையில சிறகை மடக்கி ஒத்தைக் காலில நிக்கறதுதான் மரியாதை. நீ சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிக்கிறே! விருந்தாளிங்க மிரளுறாங்க. எனக்கும் வயசாயிடுச்சு. சீக்கிரமே புதுத் தலைவரைப் பார்க்கணும். உன் பேரும் என் மனசுல இருக்கு. பார்த்து நடந்துக்க."

தலைமை! அந்தச் சொல் மையனின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மீனுக்காக அவன் அதற்கு ஆசைப்படவில்லை. மீன் அவனிடம் நிறையவே இருந்தது. தலைவரின் கல்லில் உட்கார்ந்துவிட்டால் இனி எந்த விருந்தாளியும் "காவலா நீ?" என்று கேட்க மாட்டான் அல்லவா? அதற்காகத்தான்.

அன்று முதல் அவன் சிறகை மடக்கினான். ஒற்றைக் காலில் நிற்கவும் பழகினான். தட்டைப் பாதத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது லேசா? ஆடினான், சாய்ந்தான், ஆனாலும் விடவில்லை. சிறகு ஈரத்தில் நாறியது. தோளெல்லாம் வலித்தது.

நாணல் தீவுக்கு அக்கா ஆழியைப் பார்க்கப் போனான். "வாங்க பெரிய இடத்துக்காரரே! எங்க ஞாபகமெல்லாம் இருக்கா?" என்றாள் அவள். அவளுடைய குஞ்சு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"மாமா ஏன் சிறகை விரிக்கல? காயமா?"

"காயமில்லடா செல்லம். மரியாதை."

"மரியாதைன்னா வலிக்குமா மாமா?"

மையன் குஞ்சின் தலையை அலகால் கோதிவிட்டான். பாறைக்குப் போனால் அவனை நீர்க்காகம் என்கிறார்கள். தீவுக்கு வந்தால் கொக்காகிவிட்டாய் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே, தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்தான் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கோடை வந்தது. மையன் சொன்னபடியே கரையோரம் சேறாகி, மீனெல்லாம் நடு மடுவுக்குப் போய்விட்டது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளும் வந்தது. பால்சிறகரும் அவருடைய கூட்டமும் விருந்தாளிகளாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு விருந்து வேண்டுமே! விடிந்ததிலிருந்து மையன் முங்கி முங்கி மீன் கொண்டுவந்தான். பிறகு சிறகை மடக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஒற்றைக் காலில் நின்றான்.

"தலைமைக்கு ரெண்டு பேர். மையன், சிறுகாலன்" என்றார் நெடுங்காலர். "மையா, மடுவுல இறங்கி ஒரு பெரிய விரால் கொண்டு வா. உன் திறமையைச் சபை பார்க்கட்டும்."

மையன் திகைத்தான். "இப்ப சாப்பிட்டீங்களே ஐயா, அதெல்லாம் மடுவுல பிடிச்சதுதான். போன கோடையிலும் நான்தானே விரால் கொண்டு வந்தேன்!"

"அது ஏதோ அதிர்ஷ்டமா இருக்கலாம் இல்லையா? இன்னொரு தடவை பார்த்தா எல்லாருக்கும் திருப்தி."

"சிறுகாலனும் இறங்குவானா?"

சபை சிரித்தது. "அவன் நம்ம வீட்டுப் பிள்ளை! தெரிஞ்ச பிள்ளைக்குச் சோதனை எதுக்கு?"

மையனுக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடி சந்தேகமும் வந்தது. கோபப்பட்டால் "பார்த்தீங்களா, பயமா இருக்கு" என்பார்கள். நியாயம் கேட்டால் "பதவி ஆசை" என்பார்கள். ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ? ஒருவேளை எல்லாமே அதிர்ஷ்டம்தானோ? இத்தனை நாள் தன் அலகால் பிடித்த மீனைப் பற்றியே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது! பாவம் மையன். கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டான்.

கீழே போவது சுலபமாக இருந்தது. விராலையும் கவ்விவிட்டான். மேலே வரத்தான் முடியவில்லை. சிறகு ஈயமாகக் கனத்தது. உதைத்தான். இன்னும் உதைத்தான். வெளிச்சம் அதே இடத்தில், எட்டாத உயரத்தில் நின்றது. மூச்சு முட்டியது. விராலை விட்டுவிட்டான். தலைமையையும் அதோடு சேர்த்து விட்டுவிட்டான். கால்களால் மட்டும் துழாவித் துழாவி, எப்படியோ நாணல் தீவின் ஓரத்தில் வந்து முட்டினான்.

ஆழி ஓடிவந்து அவன் கழுத்தைக் கவ்விக் கரையில் இழுத்துப் போட்டாள்.

"அக்கா," என்றான் மையன் இருமிக்கொண்டே. "அவங்க என்னைப் புகழுறாங்களா, இழிவா பேசறாங்களா? நான் திறமைசாலியா, அதிர்ஷ்டக்காரனா? எனக்கு ஒண்ணுமே புரியல!"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் அந்தப் பாறையை மிதிச்சதுகூட இல்ல!" என்று ஆழி அழுதாள். "உன் சிறகு நனைஞ்சிருக்கு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். விரிடா!"

மையன் விரித்தான். வெயில் பட்டதும் அவனுக்கே தெரியாமல் கண்ணில் நீர் வந்தது.

அங்கே பாறையில், "விராலும் இல்லை, ஆளும் இல்லை! நேரத்துக்கு உதவ மாட்டான்னு அப்பவே தெரியும்" என்று பேசிக்கொண்டார்கள். சிறுகாலனைத் தலைவனாக்கினார்கள். விருந்தாளிகளும் ஊர் திரும்பாமல் தங்கிவிட, குழிகளில் இருந்த மீனெல்லாம் அன்றே தீர்ந்துபோனது. மறுநாள் பசித்தது. அதற்கு மறுநாள் இன்னும் பசித்தது. தலைவர் சிறுகாலன் சேற்றில் நின்று ஒரே ஒரு அயிரையைப் பிடித்தார். அதையும் அவரே விழுங்கிவிட்டார்.

மையன் பாறைக்குத் திரும்பினான். "மறுபடியும் அங்கேயா?" என்று ஆழி தடுத்தாள். "என் குழி அங்கதானே இருக்கு அக்கா! நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்?" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டான். வழியில் மடுவில் முங்கி ஒரு விரால் கொண்டுவந்தான். அதைத் தன் குழியில் விட்டான். பிறகு சபையின் நட்டநடுவில் இரண்டு காலையும் ஊன்றி, இரண்டு சிறகையும் அகல விரித்து நின்றான். அவன் நிழல் பாதிப் பாறையை மூடியது.

"மையா! வந்துட்டியா!" நெடுங்காலர் பறந்து வந்தார். "தப்பு நடந்துபோச்சு. சிறுகாலனை இறக்கிடறோம். தலைமை உனக்குத்தான்! எல்லாருக்கும் பசிக்குது, போய் மீன் கொண்டு வா. விருந்தாளிங்க பார்க்கறாங்க, அந்தச் சிறகை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கப்பா!"

மையன் ஒரு கணம் குழம்பினான். ஆசைப்பட்ட இடம் கண்ணெதிரே! மடக்கவா? சிறகின் நுனி லேசாக அசையக்கூடச் செய்தது. அப்போது தண்ணீருக்கு அடியில், எட்டாத உயரத்தில் நின்ற அந்த வெளிச்சம் அவன் நினைவுக்கு வந்தது.

"சிறகு காயட்டும் ஐயா. தலைமையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"காய எவ்வளவு நேரமாகும்?"

"அது வெயிலைப் பொறுத்தது."

கொக்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இவன் கோபமாக இருக்கிறானா, இல்லையா? கெஞ்சுவதா, அதட்டுவதா? இவனை நீ என்பதா, நீங்கள் என்பதா? பால்சிறகர் ஒற்றைக் காலை இறக்கி இரண்டு காலிலும் நின்று பார்த்தார். அப்போதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏரியிலேயே அன்று குழப்பமில்லாமல் இருந்தவன் மையன் ஒருவன்தான். அவன் கண்ணை மூடி வெயில் காய்ந்தான். மற்ற எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறர் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டுமென்று தன்னைத் தாங்கும் சிறகை மடக்குகிறவன், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஒரு நாள் மூழ்கிப்போவான்.