வடக்குச் சுவரடியில் அமர்ந்தவர்

கோயிலின் பக்க அறையில் போதகர் மேசையின் தலைப்பக்கம் இருந்தார். செயலர் தனசிங் அவருக்கு வலப்புறம். சபைக் கமிட்டியார் நால்வர் சன்னலோரம். கோயில்பிள்ளை அருமைநாயகம் வாசலண்டை நின்றார்.

நற்கிருபைபுரத்துக் கோயிலைப் பெருக்கி மணியடிப்பது முப்பது வருடமாக அவர் ஊழியம். ஒவ்வொரு தூணையும் தொட்டு ஜெபித்த பிறகே விளக்குமாற்றை எடுப்பார். தம் சொந்த நாட்டுக் கிராமக் கோயிலின் அச்சிலேயே இங்கிலாந்து மிஷனரி ஒருவர் கட்டியது அது. மேற்கே சதுரக் கோபுரம், கூர்வளைவுச் சன்னல்கள், வெண்பனி வழிந்து விழுவதற்கான செங்குத்துக் கூரை. வெண்பனியே பெய்யாத ஊரில் அந்தக் கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கியவை, வெளிப்புறம் பக்கத்துக்கு ஐந்தாக நின்ற முட்டுச்சுவர்கள்.

ஊர் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்குச் சமையல் கொட்டகை வேண்டும். அதற்கு இடம் காண வடக்கே இரண்டு முட்டுச்சுவர்களை இடிப்பதென்று அன்று தீர்மானமாயிற்று.

"அது அழகுக்கு நிக்கலய்யா. கூரயத் தாங்குது" என்றார் அருமைநாயகம்.

"பெருக்குறவருக்கு இன்ஜினீயர் வேல எதுக்குவே?" என்றார் தனசிங். நால்வரும் சிரித்தனர்.

இடித்தார்கள். மூன்றாம் மாதம் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு கண்டது. அருமைநாயகம் முறையிட, சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள்; பயம் கிளப்புகிறார் என்று வேலையையும் பறித்தார்கள். வடக்குப் பக்கம் பெண்கள் பாய் விரித்து உட்காரும் இடம். தள்ளி உட்காரும்படி வீடுவீடாகக் கெஞ்சினார். தாயும் பாட்டியும் இருந்த இடத்தை விட எவரும் இசையவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே போய் அந்த வெடிப்பின் கீழ் அமர்ந்தார். ஆண் உட்கார்ந்த இடத்தில் பெண்கள் உட்காருவதில்லை. முணுமுணுத்தபடி நடைபாதை வரை நகர்ந்தார்கள்.

"வெக்கமா இல்லியா அண்ணாச்சி?" என்று ரூத்தம்மாள் கேட்டார்.

"இருக்கு தாயி. நீ அங்கனயே இரு."

பத்து ஞாயிறு கேலி பொறுத்தார். ஒருமுறை சட்டையில் எச்சிலும் விழுந்தது. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். பதினோராம் ஞாயிறு, ஐப்பசி மழையில், சுவர் வெளியே சரிய, அதன்மேல் நின்ற கூரை உள்ளே இறங்கியது.

நாற்பத்தொரு பெண்களில் ஒருவருக்கும் கீறலில்லை. கர்த்தர் அன்று ஒருவரையே அழைத்துக்கொண்டார். கல்லைப் புரட்டி அவரை எடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். பெரிய அடியார் அவர். ஊருக்கு அது தெரியப் பதினொரு ஞாயிறு ஆயிற்று.

கோயிலுக்குள் அடக்கம் மிஷனரிமாருக்கு மட்டுமே உண்டு. பீடத்தருகே இவருக்கும் இடம் வேண்டுமென்று பேராயருக்குத் தனசிங் தம் கையாலேயே எழுதினார். இடிக்கச் சொன்னவன் நான் என்று கடைசி வரியில் சேர்த்தார். உறையை ஒட்டி, சபை முத்திரை குத்தி, பாளையங்கோட்டை பஸ்ஸில் ரூத்தம்மாளின் கணவரிடம் கொடுத்தனுப்பினார்.