மிதப்பதெல்லாம் கப்பல்

முன்னொரு காலத்தில், ஆறு போய்க் கடலில் விழுகிற இடத்தில் இருந்த ஒரு பட்டணத்தைச் சித்திரவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் அவனுக்கு ஒரு ஆசை வந்தால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் முத்து வணிகன் ஒருவன் சபைக்கு வந்தான். வந்தவன் சும்மா போகாமல், "அண்டை நாட்டரசரிடம் ஆயிரம் கப்பல்கள் இருக்கின்றன, மகாராஜா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனிடம் இருந்தவை ஏழெட்டுக் கப்பல்கள். அவற்றிலும் இரண்டு ஓட்டையாகிக் கரையில் கவிழ்ந்து கிடந்தன.

துறைமுக அதிகாரி கீர்த்திவாசர் கைகட்டி முன்னால் வந்தார். அரசனின் முகம் வாடினால் இவருக்குக் கொண்டாட்டம். ஆறுதல் சொல்லியே பதவி வாங்கியவர்.

"மகாராஜா கவலைப்படலாமா? நம் ஆற்றில் எத்தனை ஓடம், எத்தனை தோணி, எத்தனை வள்ளம், எத்தனை கட்டுமரம்! இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்ததால்தான் நமக்குக் கப்பல் குறைந்துபோயிற்று. தண்ணீரில் மனிதனைச் சுமந்து மிதப்பதெல்லாம் இனிக் கப்பல் என்று ஆணையிடுங்கள். நாளைக்கே ஆயிரத்துக்கு மேல் தேறும்."

சபையின் விகடகவி இடும்பனுக்கு வாயை அடக்க முடியவில்லை. "எருமையும் மனிதனைச் சுமந்து மிதக்கிறது, மகாராஜா. அதையும் சேர்த்தால் இரண்டாயிரம் ஆகுமே!"

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. ஆணை பிறந்தது. கப்பல் என்ற சொல்லைத் தவிர வேறு பெயர் சொல்பவனுக்கு மொட்டை. அதற்குமேல் ஓராண்டு அவன் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

மறுநாளே ஒருவன் அகப்பட்டான். பரிசல்காரன் மாசானம். "பரிசல் போவுது, பரிசல்! அக்கரைக்கு யாரு?" என்று வழக்கம்போலக் கூவினான். அரசன் விசாரிக்கும்வரை இருக்கட்டும் என்று காவலர்கள் அவனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவன் மனைவி பேச்சி இடும்பனின் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"முடி போனா மொளைச்சிரும், சாமி. ஒரு வருசம் தண்ணிப் பக்கமே போகக் கூடாதாமே! புள்ளைக வயித்துக்கு எதைப் போடுவேன்? வாய்தவறி அந்தப் பேரைச் சொல்லிட்டாரு. பொறந்ததுலேருந்து சொன்ன பேரு, சாமி, எப்படி மறக்கும்?"

இடும்பனுக்கு முதல் நாள் வந்த சிரிப்பு அப்போது வரவில்லை. நேரே அரண்மனைக்குப் போனான். ஆனால் அவன் வாய் திறக்குமுன் கீர்த்திவாசர் முந்திக்கொண்டார்.

"நல்ல வேளை, இடும்பரே வந்துவிட்டார். மகாராஜா நாளை தம் ஆயிரம் கப்பல்களைச் சுற்றிப்பார்க்க எழுந்தருளுகிறார். அந்த ஏற்பாட்டை இவரிடமே விடலாம்."

தேன் தடவிய பேச்சுக்குள் இருந்த முள் இடும்பனுக்குத் தெரிந்தது. துறைக்குப் போய் நாலு ஆட்களை ஏவி வேலை வாங்கும்போது ஒரு பெயராவது நாக்கில் வழுக்கி விழாதா? விழுந்தால் தன் குடுமி தன்னுடையதல்ல. அவன் கை தானாகக் குடுமியைத் தடவியது.

"சித்தம், மகாராஜா. எந்தக் கப்பல் வேண்டும்?"

"எந்தக் கப்பல் என்று என்ன கேள்வி? கப்பல் என்றால் கப்பல்!"

"அந்த ஒரு வாக்குப் போதும். அதை ஓட்டச் சிறையில் இருக்கும் மாசானத்தை மட்டும் நாளைக்கு அனுப்பிவையுங்கள்."

விடிந்தது. தாரை தப்பட்டை முழங்க அரசன் பட்டும் கிரீடமுமாகத் துறைக்கு வந்தான். ஊரே கரையில் கூடியிருந்தது. ஆணை வந்த நாள்முதல் அங்கேயே கத்தியும் கிண்ணமுமாக நாவிதனும் குந்தியிருந்தான். படித்துறையில் மூங்கில் பின்னித் தோல் போர்த்திய வட்டப் பரிசல் ஒன்று ஆடிக்கொண்டு நின்றது.

"கப்பல் எங்கே, இடும்பா?"

"தங்கள் திருவடிக்கு முன்னால் நிற்கிறது, மகாராஜா."

அரசன் கீர்த்திவாசரைப் பார்த்தான். கீர்த்திவாசர் வானத்தைப் பார்த்தார். இது கப்பல் இல்லை என்றால் ஆணை பொய். கப்பல் என்றால் ஏற வேண்டும். ஊர் பார்க்கிறது. அரசன் ஏறினான். "அதிகாரி இல்லாமல் கப்பலா?" என்று இடும்பன் கீர்த்திவாசரையும் கைகொடுத்து இறக்கி, தானும் உட்கார்ந்தான்.

மாசானம் துடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டான்: "சாமி, மெதுவாச் சுத்தவா, வேகமாச் சுத்தவா?"

"கீர்த்திவாசர் முகத்தப் பாத்துச் சுத்து."

நடு ஆற்றில் அது பம்பரமாயிற்று. கரை, கோபுரம், கூட்டம், மறுபடி கரை. கிரீடம் அரசன் காதில் இறங்கியது. கீர்த்திவாசர் காலையில் தின்ற இட்டலியை ஆற்று மீன்களுக்குக் கொடுத்தார்.

"போதும்! வேறு கப்பலைக் கூப்பிடு!" என்று அரசன் அலறினான்.

இடும்பன் கையசைத்தான். எருமைகளை அக்கரைக்கு ஏற்றிப் போகிற தட்டையான ஓடம் சாணி மணக்க வந்து நின்றது.

"இது வேண்டாம்! பாய் கட்டிய கப்பல்!"

பாய் கட்டிய தோணி வந்தது. பாயெல்லாம் கருவாடு காய்ந்தது.

"அடேய்!" அரசன் எழுந்து நின்று கத்தினான். "நான் கேட்டது என் நாவாயை! இந்தப் பரிசலை யார் கேட்டது?"

மாசானத்தின் துடுப்பு நின்றது. தாரை நின்றது. கரையில் நாவிதன் மட்டும் எழுந்து நின்றான்; பிறகு தலை யாருடையது என்று பார்த்து, மெல்ல உட்கார்ந்துவிட்டான்.

அரசன் சலித்துப்போய் ஆணையைத் திரும்பப் பெறுவான் என்றுதான் இடும்பன் நினைத்திருந்தான். ஊர் கேட்க அரசனே குற்றவாளி ஆவான் என்று நினைக்கவில்லை. இனித் தனக்கு மொட்டையோடு போகுமா, தலையே போகுமா?

அப்போது கீர்த்திவாசர் விசுவாசம் பொங்கத் துள்ளி எழுந்தார். "யாரும் எதுவும் கேட்கவில்லை!" என்று கரையைப் பார்த்து உரக்கக் கத்தினார். "மகாராஜா நாவாய் என்று சொல்லவே இல்லை! பரிசல் என்று சொல்லவே இல்லை! ஓடம், தோணி, வள்ளம், எதுவுமே சொல்லவில்லை!"

இடும்பனுக்கு உயிர் வந்தது. "மகாராஜா, தாங்கள் சொன்னவை இரண்டு. இவர் அவற்றோடு மூன்றைக் கூட்டி ஐந்தாக்கிவிட்டார். முதல் மொட்டை இவருக்கா, தங்களுக்கா?"

அரசன் கீர்த்திவாசரைப் பார்த்தான். அவர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ புறப்பட்ட சிரிப்பு அரசனின் வயிற்றைக் குலுக்கியது. அவன் குலுங்கியதில் பரிசலும் குலுங்கித் தண்ணீர் உள்ளே வந்தது.

"ஆணை ஆற்றோடு போகட்டும்! அவனவன் ஏறியதை அவனவன் வாய்க்கு வந்தபடி அழைக்கட்டும். மாசானம், நீ இனிச் சிறைக்குப் போக வேண்டாம், வீட்டுக்குப் போ. இடும்பா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"முதலில் கரை வேண்டும், மகாராஜா. மற்றதை அங்கே போய் யோசிக்கிறேன்."

அரசன் இன்னும் பலமாகச் சிரித்து, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நனைந்தபடியே அவனுக்குப் போட்டான்.

அன்று துறையில் பேச்சு ஓயவில்லை. வாய் கட்டிக் கிடந்த சனங்கள் தேவை இருந்தும் இல்லாமலும் தோணி என்றும் ஓடம் என்றும் வள்ளம் என்றும் கூவித் தீர்த்தார்கள். கீர்த்திவாசர் மட்டும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வீட்டில் படுத்திருந்தார். கட்டில் சுற்றுவது நின்றபாடில்லை.